செக்ரோலும் விரிதாளும்: நெகிரி செம்பிலான் தோட்டப் பதிவுகளில் எண்ணும் எழுத்தும்

முன்னுரை

தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுத முனைவோர்க்குக் கிடைக்கும் சான்றுகளுள் செக்ரோல் எனப்படும் ஆள்வரவுப் பதிவேடு தனியிடம் பெறுகின்றது. குடியேற்ற அறிக்கைகளும் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளும் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. செக்ரோலோ ஒவ்வோர் ஆளையும் பெயர் சொல்லி, நாள்தோறும் ஒரு சிறு கட்டத்திற்குள் கொண்டுவந்து நிறுத்துகின்றது. அக்கட்டத்தில் உள்ள ஒரு கோடோ ஒரு பின்னமோ ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசியைத் தீர்மானித்திருக்கும்.

இத்தகைய ஏடுகளைக் கணினி விரிதாளில் ஏற்றி ஆராயும் வழக்கம் மாணவர்களிடையேயும் தமிழாசிரியர்களிடையேயும் பெருகியுள்ளது. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் விரிதாளுக்கு எண் என்றால் ஒன்று, எழுத்து என்றால் வேறொன்று. பழைய செக்ரோலில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. இக்கலப்பினால் நேரும் பிழைகளை நாமும் செய்திருக்கின்றோம்; சிலவற்றைக் காலந்தாழ்ந்தே கண்டுபிடித்தோம். அவற்றைத் தோட்ட வரலாற்றின் பின்னணியில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களை மனத்தில் கொண்டு எழுதினாலும், இங்குக் கூறப்படுவன பிற மாநிலத் தோட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பெரட்டுக் களத்திலிருந்து கட்டத்திற்கு

இன்றைய நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியான சுங்கை ஊஜோங்கில் பிரிட்டிஷ் ஆட்சியாளர் 1874இல் காலூன்றினர். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. 1896இல் நெகிரி செம்பிலான் மலாய் ஐக்கிய மாநிலங்களுள் ஒன்றாயிற்று. காப்பி பயிரிட்ட நிலங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறின. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், தானா மேரா, கெர்பி, ஜெராம் பாடாங், கெட்டிஸ் முதலிய பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்திருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர்.

1907இல் இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டதும், 1910இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு முடிவு கட்டப்பட்டதும் கங்காணி முறையை வலுப்படுத்தின. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பர். கங்காணி பெயர் கூப்பிடுவார். கிராணி குறித்துக்கொள்வார். கிராணிகளுள் பலர் யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளிகளாகவோ இருந்தனர். ஏடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழகத்துச் சிற்றூர்ப் பெயர்கள் அவர்கள் காதில் விழுந்தவாறே உரோமன் எழுத்தில் இறங்கின. ஒரே பெண்ணின் பெயர் ஒரு மாதம் ஒரு விதமாகவும் மறுமாதம் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருத்தல் வியப்பன்று.

அந்தக் குறிக்குப் பின்னால் இரண்டு பேருடைய வருமானம் இருந்தது. தொழிலாளிக்கு நாள் கூலி. கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு 2 காசு வீதம் தலைக்காசு. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலையான நாள் கூலியாக வகுக்கப்பட்டன. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1930இல், அவை 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டன. கூலி குறைந்தாலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு என்னும் விகிதம் மட்டும் மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வெட்டுப்பட்டபோதும் அநீதி அளவோடு பாதுகாக்கப்பட்டது போலும்.

ஆள்வரவைக் குறிக்கும் முறையில் பின்னங்கள் இன்றியமையாதன. மழை பெய்து பால் கலைந்துவிட்டாலோ, உடல்நலமின்றி ஆள் நடுவில் திரும்பிவிட்டாலோ அரை நாள்தான். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதனை ‘அரைப்பேர்’ என்பர். முழு நாள் உழைத்தவர்க்கு ஒரு பேர், பாதி நாள் உழைத்தவர்க்கு அரைப்பேர். ஆளின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட அச்சொல்லுக்குள் ஒரு முழு வரலாறு அடங்கியிருக்கின்றது.

எண்சுவடியும் வெள்ளிக்கணக்கும்

தோட்டத்திற்கு வந்த தமிழரிடம் கணக்கறிவு இல்லை என்னும் கூற்று முழுதும் ஏற்கத்தக்கதன்று. ஊரில் திண்ணைப் பள்ளியை எட்டிப்பார்த்தவர் சிலரேனும் எண்சுவடியின் கீழ்வாயிலக்கம் அறிந்திருந்தனர். முந்திரி என்பது 320இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாகாணி 16இல் ஒன்று. அரைக்கால் எட்டில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் நாணய முறையோடு இவை இயல்பாகப் பொருந்தின. ஒரு ரூபாயில் மாகாணிப் பங்கு சரியாக ஓர் அணா.

மலாயாவிலோ வெள்ளிக்கு நூறு காசு. கால் வெள்ளி 25 காசு, அரை வெள்ளி 50 காசு என்பதுவரை இடரில்லை. அரைக்கால் வெள்ளி பன்னிரண்டரைக் காசாகவும் மாகாணி வெள்ளி ஆறேகால் காசாகவும் நின்றுவிடும். பதின்மக் கணக்கு கிராணியின் கையில் இருந்தது. பதினாறின் கணக்கு தொழிலாளியின் மனத்தில் இருந்தது. சம்பள நாளன்று மேசைக்கு முன் நின்றவர் தமக்குச் சேரவேண்டிய தொகையைத் தாமே சரிபார்க்க இயலாமற் போனமைக்கு எழுத்தறிவின்மை மட்டுமன்றி இந்த முரணும் ஒரு காரணமாகலாம் என்று கருதுகின்றோம்.

எழுத்து வடிவிலும் இதே முரண் உண்டு. பழைய தமிழ் முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்திற்கு ௲ எனத் தனிக்குறிகள் உள்ளன. 1957 என்பதை ௲௯௱௫௰௭ என்று எழுதினர். பின்னர் இடமதிப்பு முறையில் ௧௯௫௭ என்றும் எழுதலாயினர். ஒருங்குறியில் தமிழ் இலக்கங்கள் பதின்ம இலக்கங்களாகவும், ௰, ௱, ௲ ஆகியவை அவ்வாறல்லாத வேறு எண்குறிகளாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. தமிழ்ச் சுழியம் 2005இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றது. முந்திரி, மா, காணி முதலிய பின்னக் குறிகள் 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்டன. ஆக, ஒரு தோட்டக் கோயிலின் பழைய கணக்கேட்டை உள்ளது உள்ளவாறே தட்டச்சு செய்ய இன்று வழி பிறந்துள்ளது. ஆயினும் அவ்வாறு தட்டப்பட்ட மாகாணியை விரிதாள் கூட்டித்தராது. அதன் கண்ணுக்கு அது வெறும் எழுத்து.

விரிதாள் எண்ணை எவ்வாறு படிக்கின்றது

தனிக்கணினிகளுக்கான முதல் மின்விரிதாளான விசிகால்க் 1979இல் வெளிவந்தது. அதனை உருவாக்கியவர்கள் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் ஆகியோர். 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் எனத் தொடர்ந்தன. தொடக்கம் முதலே இவற்றுக்கு ஒரு கேள்வி இருந்தது: கட்டத்தில் தட்டப்படுவது கணக்கிடற்குரிய எண்ணா, காட்டுதற்குரிய எழுத்தா? விசிகால்க்கில் இரட்டை மேற்கோள் குறியுடன் தொடங்கினால் அது எழுத்து. லோட்டஸில் ஒற்றைக் குறி முன்னொட்டானது. எக்செல்லிலும் எண்ணுக்கு முன் ஒற்றைக் குறி இட்டால் அது எழுத்தாகவே இருத்தி வைக்கப்படும். மேற்கோள் குறி இங்கு யாருடைய கூற்றையும் மேற்கோள் காட்டவில்லை. ‘இதனைக் கணக்கிடாதே’ என்னும் கட்டளையாக நிற்கின்றது.

குறி இடாதபோது விரிதாள் தானே முடிவு செய்கின்றது. செக்ரோலின் அரை நாளை 1/2 என்று தட்டினால், நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதும் மலேசிய அமைப்பிலுள்ள கணினி அதனைப் பிப்ரவரி முதல் நாளாக மாற்றிவிடும். அத்தோடு நில்லாது, 1900 சனவரி முதல் நாளை 1 எனக் கொண்டு எண்ணும் தொடர் எண்ணாகவே அந்நாளை உள்ளே சேமிக்கும். 2024இல் தட்டியிருந்தால் அவ்வெண் 45323. கூட்டற் சார்பு அதையும் தயங்காமல் கூட்டும். 50 காசு கூலிக்கு அரை நாள் உழைத்து 25 காசு பெறவேண்டியவர்க்கு 22,661 வெள்ளி 50 காசு கணக்கில் ஏறிவிடும்! இத்துணைப் பெரிய பிழை கண்ணில் படாமற் போகாது. ஆகவே இதனால் தீங்கு குறைவு. தீங்கெல்லாம் கண்ணில் படாத பிழைகளால்தான்.

இவ்விடர் வரலாற்றாய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. சில மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கத்தை ஒத்திருந்தமையால் விரிதாளில் தேதிகளாகிப் பல ஆய்வுப் பட்டியல்களைக் கெடுத்தன. மனித மரபணுப் பெயரிடற்குழு 2020இல் அப்பெயர்களையே மாற்றியமைத்தது. இத்தானியங்கு மாற்றங்களை நிறுத்திவைக்கும் தெரிவு எக்செல்லில் 2023இல்தான் வந்தது. மரபணுவின் பெயரை அதற்கு மனவருத்தமின்றி மாற்றலாம். செக்ரோலில் இருக்கும் மனிதர்களின் பெயரையும் நாளையும் அவ்வாறு மாற்ற நமக்கு உரிமையில்லை.

பின்னத்தைத் தட்டும்போது முன்னால் ஒரு சுழியமும் இடைவெளியும் இட்டு, 0 1/2 எனத் தட்டினால் விரிதாள் அதனை அரையாகவே கொள்ளும், அல்லது 0.5 என்று தட்டலாம். ஆயினும் ஏட்டில் கிராணி எழுதியது 0.5 அன்று. இதனால் இரண்டு நெடுவரிசைகள் வைத்துக்கொள்வதே முறை என நாம் கருதுகின்றோம்: ஒன்றில் ஏட்டில் உள்ளவாறே எழுத்தாக, மற்றொன்றில் நாம் பொருள்கொண்டவாறு எண்ணாக. முதல் வரிசை சான்று, இரண்டாவது விளக்கம். மூலத்தையும் உரையையும் ஒன்றாகக் கலந்து பதிப்பிப்பதை ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பொறுத்துக்கொள்ளாத நாம் விரிதாளில் மட்டும் பொறுத்துக்கொள்ளலாகாது.

எண்ணை எழுத்தோடு சேர்த்தல்

கணக்கு முடிந்தபின் ஒவ்வோர் ஆளைப் பற்றியும் ஒரு வாக்கியம் அமைக்கவேண்டியுள்ளது எனக் கொள்வோம். விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்ட ஒரு வரி இது: ஒரு பெண் ஒரு மாதத்தில் இருபத்து மூன்றரை நாள் வேலை செய்தாள், நாள் கூலி 40 காசு, சம்பளம் 9 வெள்ளி 40 காசு. கட்டத்தில் அது 9.40 என்றே தெரியும். அதனைச் சொற்களோடு இணைக்கக் கீழ்க்காணும் சூத்திரத்தை எழுதினோம். சார்புகளின் பெயர்களை இங்குத் தமிழெழுத்தில் தருகின்றோம்; ‘சம்பளம்’ என்பது கட்டத்திற்கு நாம் இட்ட பெயர்.

="அவள் பெற்றது "&சம்பளம்&" வெள்ளி"

விடை: அவள் பெற்றது 9.4 வெள்ளி. இணைப்புக்குறியைக் கடக்கும்போது எண் தன் உடையைக் களைந்துவிடுகின்றது. கட்டத்தின் தோற்ற அமைப்பு எண்ணோடு கூடவே வருவதில்லை. கணிதப்படி 9.4உம் 9.40உம் ஒன்றே. ஆனால் வெள்ளி காசாக வாசிப்பவர் 9.4 என்பதை ஒன்பது வெள்ளி நான்கு காசு என்று வாசிக்க இடமுண்டு. வேறுபாடு 36 காசு. அது 1930இன் குறைப்புக்குப் பின் ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலியைவிட மிகுதி. ஒரு சுழியம் உதிர்ந்தால் ஒரு நாள் உழைப்பு உதிர்ந்துவிடுகின்றது. நம் வகுப்பறைப் பயிற்சி ஒன்றில் இவ்வாறு உதிர்ந்த சுழியங்களோடு பட்டியலே அச்சாகிவிட்டது. வாசித்த முதியவர் ஒருவர் கேட்ட பின்னரே கவனித்தோம்.

இதற்கு ‘டெக்ஸ்ட்’ என்னும் சார்பு உள்ளது. எண்ணையும் அது தோன்றவேண்டிய அமைப்பையும் இதற்குத் தரவேண்டும். அமைப்பு மேற்கோள் குறிகளுக்குள் நிற்கும்.

="அவள் பெற்றது "&டெக்ஸ்ட்(சம்பளம்,"0.00")&" வெள்ளி"

இப்போது 9.40 வெள்ளி என்றே வரும். அலகையும் அமைப்புக்குள்ளேயே வைக்க விரும்பினால் சிக்கல் பிறக்கின்றது. அமைப்பு ஏற்கெனவே மேற்கோளுக்குள் இருக்கின்றது. அதனுள் வரும் சொல்லுக்கும் மேற்கோள் வேண்டும். உள்ளிருக்கும் ஒவ்வொரு குறியையும் இரட்டித்தல் வேண்டும் என்பதே விதி.

=டெக்ஸ்ட்(சம்பளம்,"0.00 ""வெள்ளி""")

இறுதியில் மூன்று குறிகள் அடுத்தடுத்து நிற்பது பிழையன்று. முதலிரண்டும் சேர்ந்து சொல்லை மூடும் ஒரு குறி. மூன்றாவது அமைப்பை மூடுவது. குறிகளை எண்ணிக் கண் வலித்தோர், ‘சார்’ என்னும் சார்புக்கு 34 என்னும் எண்ணைத் தந்து மேற்கோள் குறியைப் பெறலாம். ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 34.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். டெக்ஸ்ட் சார்பு தருவது எழுத்து, எண் அன்று. அவ்விடைகளைக் கொண்ட நெடுவரிசையைக் கூட்டற் சார்பிடம் தந்தால் எழுத்தாக இருப்பவற்றை ஓசையின்றி விட்டுவிட்டு எஞ்சியவற்றை மட்டும் கூட்டும். பிழைச்செய்தி எதுவும் வாராது. முந்நூறு பேர் உள்ள பட்டியலில் பத்துப் பேர் விடுபட்டால் எவர்க்குத் தெரியும்? எனவே கணக்கிடும் வரிசைகளில் கட்டத்தின் தோற்ற அமைப்பை மட்டும் மாற்றி, இறுதியாக வாக்கியம் அமைக்கும் இடத்தில் மட்டுமே டெக்ஸ்ட் சார்பைப் பயன்படுத்துதல் தக்கது.

மேற்கோள் குறியின் வேலை

பழந்தமிழ்ச் சுவடிகளில் நிறுத்தக்குறிகள் இல்லை. அச்சுக்கலையோடு அவை தமிழுரைநடைக்குள் வந்தன. ‘என்று’, ‘என’ என்னும் சொற்களே பிறர் கூற்று எங்கு முடிகின்றது என்பதைக் காட்டப் போதுமானவையாக இருந்தன. ஆனால் கூற்று எங்குத் தொடங்குகின்றது என்பதை அவை காட்டுவதில்லை. வாய்மொழி வரலாற்றைப் பதியும்போது இது சிறு குறையன்று. தொழிலாளியின் சொல் எது, கேட்டு எழுதியவரின் சொல் எது என்று பிரித்தறிய மேற்கோள் குறி வேண்டியிருக்கின்றது. செக்ரோலிலும் இந்நிலைதான். ‘நோய்’ என்றோ ‘வரவில்லை’ என்றோ ஏட்டில் இருப்பது கிராணியின் தீர்ப்பு. அது அந்த ஆளின் வாக்குமூலம் ஆகாது. அதனால் பின்வருமாறு எழுதுகின்றோம்.

="கிராணி ""வரவில்லை"" என்று பதிந்துள்ளார்"

சொற்செயலியில் எழுதி விரிதாளுக்கு நகலெடுத்தால் இச்சூத்திரம் இயங்காது. சொற்செயலி நேர்க்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும்; விரிதாள் நேர்க்குறியை மட்டுமே எல்லையாக ஏற்கும். இப்பக்கத்தின் சூத்திரங்களையும் வாசகர் நேர்க்குறியோடே தட்டச்சு செய்தல் வேண்டும்.

பழைய எட்டுப்பிட்டு எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட கோப்புகள் இன்னும் பெரிய தொல்லை. பாமினி எழுத்துருவில் காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ அமர்ந்திருக்கும். சாய்கோட்டின் இடத்தில் ‘ஃ’. ஆதலால் 1,000 என்பது 1இ000 ஆகவும், 1/2 என்பது 1ஃ2 ஆகவும் தோன்றும். இலங்கை வெளியீடுகளில் இவ்வடிவங்களைக் கண்டவர் பலர். இந்நாட்டில் முரசு அஞ்சலின் பயன்பாடும், 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு போன்றவையும் பொதுக்குறியீட்டின் தேவையை உணர்த்தின. ஆயினும் ஒருங்குறிக்கு முற்பட்ட கோப்புகள் இன்னும் பல மேசை இழுப்பறைகளில் உறங்குகின்றன.

நாளும் அடையாள எண்ணும்

எக்செல்லின் நாட்காட்டி 1900இல் தொடங்குகின்றது. சுங்கை ஊஜோங்கின் காப்பிக் காலத்துத் தேதிகள் அதற்குத் தேதிகளே அல்ல. தட்டினால் எழுத்தாகவே நிற்கும், கழிக்கவோ கூட்டவோ முடியாது. அன்றியும், 1900ஐ நெட்டாண்டாகத் தவறாகக் கொண்ட லோட்டஸின் பிழையை, அதனோடு ஒத்தியங்கும் பொருட்டு எக்செல்லும் ஏற்றுக்கொண்டது. இல்லாத 1900 பிப்ரவரி 29க்கு அங்கே ஒரு தொடர் எண் உண்டு. ஊரிலிருந்து வந்த கடிதங்களின் தமிழாண்டுப் பெயர்களோ வேறு வகைச் சிக்கல் தருவன. துர்முகி என்றிருந்தால் அது 1896இல் தொடங்கிய ஆண்டா, 1956இல் தொடங்கிய ஆண்டா என்பதைக் கடிதத்தின் உட்பொருளே சொல்லவேண்டும். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைத் தனித்தனி வரிசைகளில் எண்களாக வைப்பதே இவற்றுக்கெல்லாம் எளிய தீர்வு.

வேலை நாள் எண்ணிக்கை வரலாற்றாய்வோடு முடிந்துவிடும் செய்தியன்று. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளேனும் வேலை தரப்படவேண்டும் என்றது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகள், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்து, பதினைந்து அல்லது இருபது நாள் கூலி எனச் சேவைக் காலத்தைப் பொறுத்து வகுத்தன. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, எத்தனை ஆண்டு உழைத்தோம் என்பதை மெய்ப்பிக்கவேண்டிய நிலை பலர்க்கும் ஏற்பட்டது. பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டை வேறு விதமாகவும் இருந்தவர்க்கு அது எளிதாக இருக்கவில்லை.

அடையாள எண்ணிலும் சுழியம் உதிர்கின்றது. இன்றைய பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். நெகிரி செம்பிலானுக்கு 05. 2000க்கும் 2009க்கும் இடையில் பிறந்தவர் அனைவரது எண்ணும் சுழியத்தில் தொடங்கும். எடுத்துக்காட்டாக, 2003 மே 7இல் பிறந்தவர் எண் 030507 எனத் தொடங்கவேண்டும். இடைக்கோடின்றி விரிதாளில் தட்டினால் 30507 என்றே தொடங்கிப் பதினோரிலக்கமாகக் குறுகும். பள்ளிப் பட்டியல் தயாரித்த ஆசிரியர்கள் இதனை அனுபவத்தில் அறிவர். இழந்ததை மீட்கப் பின்வரும் சூத்திரம் உதவும்.

=டெக்ஸ்ட்(எண்,"000000-00-0000")

இலக்கங்கள் பன்னிரண்டு என்பது முன்பே தெரிந்திருப்பதால் இம்மீட்பு இயலுகின்றது. செக்ரோலின் கட்டத்திற்கு அத்தகைய உறுதி கிடையாது. அங்கே பிப்ரவரி முதல் நாளாகிவிட்ட ஒன்று மூலத்தில் அரை நாளா, 1/2 என எண்ணிடப்பட்ட வேறு குறிப்பா என்பதைச் சொல்ல ஏடு ஒன்றே உண்டு. ஏட்டைக் கறையான் அரித்துவிட்டிருந்தால் அதுவும் இல்லை. ஆகவே தட்டச்சு தொடங்குமுன் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்கின்றோம். படத்தின் எண்ணை ஒவ்வொரு வரியின் முதற் கட்டத்திலும் இடுகின்றோம், அதையும் ஒற்றைக் குறி முன்னிட்டு எழுத்தாகவே.